நாலு விரல் நிழல்

ராமையா மஸ்கட்டில் இருப்பதாகத்தான் கமுதிப் பக்கம் அவருடைய ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓமானில் எந்த மூலையில் வேலை பார்த்தாலும் ஊருக்கு அது மஸ்கட்தான். உண்மையில் அவர் இருந்தது மலைக்குள். ஹுமைதா என்று பெயர். அங்கிருந்து மஸ்கட் போக மூன்று மணி நேரம் ஆகும். அதில் முதல் ஒரு மணி நேரம் வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி போக வேண்டும். அறுபது வீடு, ஒரு பள்ளிவாசல், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் பேரீச்சந்தோப்பு. அவ்வளவுதான் ஊர். வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்கள் மஸ்கட்டிலும் ஸோஹாரிலும் ஏசி போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

ராமையாவுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. அதற்கு முன் எட்டு வருடம் தோஹா தொழில்பேட்டையில் சிமெண்ட் கல் அறுக்கும் பட்டறையில் இருந்தவர் அவர். ஒரு ரூமில் பன்னிரண்டு பேர்; தும்மினால் சிமெண்ட் வரும். காலில் மண் ஒட்டி எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கக்கூட அங்கே நேரம் கிடையாது. ஹுமைதாவுக்கு வந்த முதல் நாள் செருப்பைக் கழற்றி வாய்க்காலில் காலை வைத்தபோது மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஹிலால், ஆள் கொஞ்சம் கழன்றவரோ என்று பார்த்தார்.

ஹிலால் அந்த ஊரின் அரீஃப். தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அங்கே அப்படிப் பெயர். காலையில் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வாத்தியார். வயது முப்பத்தைந்து. வேலைக்கு ஆள் எடுக்கும்போது, இதற்கு முன் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறாயா என்று அவர் ஹிந்தியில் கேட்க, ராமையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். அவருடைய குடும்பம் ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று வாய்க்காலை வெட்டி விடுவது, அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு களத்திலும் மரக்கால் நெல் வாங்கிக்கொள்வது, இதுதான் வேலை. அவரே அதைப் பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். ஹிலால் உடனே சரி என்றுவிட்டார்.

ஹுமைதாவின் தண்ணீர் மலைக்குள் ஊறி, சுரங்கம் வழியாக நடந்து வந்து, கல் வாய்க்காலில் இறங்குகிறது. ஃபலஜ் என்பார்கள். மோட்டார் இல்லை, மீட்டர் இல்லை. மேலே யாரும் போர்க்கிணறு போடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. போட்டால் ஊற்று செத்துவிடும். அங்கே நிலத்தைவிடத் தண்ணீர்தான் பெரிய சொத்து. அதையும் அளவால் பிரிப்பதில்லை, நேரத்தால் பிரிக்கிறார்கள். பள்ளிவாசல் பக்கத்து வெளியில் ஆளுயர இரும்புக் கம்பம் ஒன்று நட்டிருக்கிறது. அதன் நிழல் விழும் தரையில் வரிசையாகக் கற்கள் பதித்திருக்கிறார்கள். நிழலின் நுனி ஒரு கல்லைத் தொட்டால் ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும். ஒரு கல் என்பது ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்கும் குறைந்த நேரத்தை விரலால் அளப்பார்கள்; நிழல் ஒரு விரல் அகலம் நகர்ந்தால் ஒரு விரல் தண்ணீர். ஊரில் எல்லோர் கையிலும் விலை உயர்ந்த போன் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் விஷயத்தில் போன் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. கம்பம் சொன்னால்தான் சரி.

அடைப்புக் கல்லைத் தூக்குவதும் போடுவதும் ராமையாவின் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு, தங்க ஒரு அறை உண்டு. அது போக, தோப்பு முடியும் இடத்துக்கும் கீழே ஒரு துண்டு நிலமும், சனிக்கிழமைதோறும் எட்டு விரல் நிழல் தண்ணீரும் ஊர் விட்டிருந்தது. எட்டு விரல் பெரிய பங்கில்லைதான். ஆனால் நீர்பாய்ச்சியின் கைக்கு அது போதும். கத்திரி, வெண்டை, சின்ன வெங்காயம், வரப்போரம் இரண்டு முருங்கை என்று போட்டுத் தள்ளிவிட்டார். மலையடிவாரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை ரிபாய் அந்தக் காய்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார். நாற்பத்தேழு வயதில் வளைகுடாவில் முதல் தடவையாக ராமையாவுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைத்தான் அவரே கெடுத்துக்கொண்டார்.

மூன்று வருடமாக மழை இல்லை. வாய்க்காலில் முழங்காலுக்கு ஓடின தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. வாய்க்கால் தலைப்பில் இருந்த மரங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கடைசியில் இருந்த மரங்களுக்குத் தெரிந்தது. கடைசித் தோப்பு உம்மு ஸயீதுடையது. ஸயீதின் தாய் என்று அர்த்தம்; சொந்தப் பெயர் என்ன என்று கேட்கும் தைரியம் ராமையாவுக்கு வந்ததில்லை. ஐம்பத்தாறு வயது, புருஷன் இல்லை, மகன் மஸ்கட்டில் ஆபீஸ் வேலை. பழைய ஹைலக்ஸ் வண்டியை மலைப்பாதையில் அந்த அம்மாள் ஓட்டும் வேகத்தைப் பார்த்தால் ஆடுகள் தாமே ஒதுங்கும். பதினாறு மரம். அதன் பழத்தைக் காயவைத்து, எள் சேர்த்து இடித்துப் பொட்டலம் கட்டி, மீதியில் பாகு எடுத்து நிஸ்வா சந்தையில் விற்பார். வருடம் முழுவதும் சோறு அந்தப் பதினாறு மரத்தில்தான்.

புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவருடைய முறை வரும். அதற்கு முன்னால் எட்டுப் பேர் முறை. எட்டுப் பேருமே வெளியூரில் இருப்பவர்கள். அவர்கள் மரங்களில் பழுக்கும் பழத்தைப் பறவைகள்தான் தின்றன. ஒன்பதாவது பள்ளிவாசலின் முறை. அந்தத் தண்ணீர் பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த மரங்களுக்குப் போகும். அந்தப் பழம் ரமலானில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு. பத்தாவது உம்மு ஸயீத்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை, உம்மு ஸயீதின் மரங்களில் மட்டைகள் நுனி கருகித் தொங்குவதை ராமையா பார்த்தார். மேலே நிமிர்ந்து பார்த்தால், யாரும் பறிக்காத மரங்கள் பச்சைப் பசேல் என்று நிற்கின்றன. அவருக்குள் இருந்த நீர்பாய்ச்சிக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு முதல் ஆளின் முறை முடிய, நிழல் கல்லைத் தொட நாலு விரல் இருக்கும்போதே அந்தத் தோப்பின் வாயை அடைத்துவிட்டார். அடுத்தவர் முறை தொடங்கும் வரைக்கும் தண்ணீர் வாய்க்காலோடு கீழே ஓடி, உம்மு ஸயீதின் பாத்திகளில் போய் விழுந்தது. இரண்டாம் ஆளிடமும் நாலு விரல். எட்டுப் பேரிடமும் நாலு விரல். கை பழகிவிட்டதால் பள்ளிவாசலிடமும் நாலு விரல். அதற்கடுத்த புதன்கிழமைகளிலும் இதேதான்.

திருட்டு என்று அவர் மனம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வேலையைச் சரியாகச் செய்கிறோம் என்றே நினைத்தார். ஏப்ரல் முடிவதற்குள் அந்தப் பதினாறு மரமும் புதுக் குருத்து விட்டன. குலைகள் கட்டின. உம்மு ஸயீத் மரங்களைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லும்போதெல்லாம் ராமையா பக்கத்தில் நின்று, தான் பெற்ற பிள்ளை பாஸானதுபோல் பூரித்துப்போனார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை. உம்மு ஸயீத் ஆட்டு எரு மூட்டைகளை இறக்க வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வண்டியில் வந்தார். வந்தவர் தன் பாத்தியில் தண்ணீர் பளபளவென்று ஏறி வருவதைப் பார்த்தார். திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார். நிழல் இன்னும் அவருடைய கல்லுக்கு இரண்டு கல் பின்னால் இருந்தது.

"ராமா," என்று கூப்பிட்டார். "இது யார் தண்ணி?"

ராமையாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தனக்குத் தெரிந்த அரபியில், கையையும் சேர்த்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார். நாலு விரலைக் காட்டினார். மேலே உள்ள தோப்புகளைக் காட்டினார். அங்கே ஆள் மாஃபி, யாரும் இல்லை என்றார்.

"எத்தனை வாரமா?"

"பத்து."

"பள்ளிவாசல் முறையிலயுமா?"

ராமையா தலையாட்டினார். உம்மு ஸயீத் எரு மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் திட்டியிருந்தால் ராமையா தாங்கியிருப்பார். அவர் திட்டவில்லை. மரத்தில் தொங்கிய குலைகளை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வருஷப் பழம் பூரா ஹராம்," என்றார். "அடுத்தவன் தண்ணில காய்ச்சதை நான் எப்படி விக்கிறது? எப்படித் திங்கிறது?"

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஹிலால் வீட்டுக்குப் போனார். எரு மூட்டையைக்கூட முழுதாக இறக்கவில்லை.

மறுநாள் காலை கத்திரிக்காய்ப் பெட்டியோடு மலையிறங்கி ரிபாய் கடைக்கு வந்தபோது ராமையாவின் முகம் செத்துக் கிடந்தது. ரிபாய் காயைக்கூடப் பார்க்காமல் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன ராமையாண்ணே, இப்படிச் செஞ்சுபுட்டீக. அந்த எட்டுப் பேரு தண்ணிய எடுத்தது ஒரு தப்பு. அவுக மனசு வச்சா மன்னிச்சிருவாக. பள்ளிவாசல் தண்ணி வக்ஃபு. அது அல்லாவுக்கு எழுதி வச்சது. அத மன்னிக்கிறதுக்கு இந்த ஊர்ல ஆளே கெடையாது."

"நான் எனக்கா எடுத்தேன், பாய்?"

"அதத்தான் நானும் சொல்றேன். எடுத்தது அந்தம்மாவுக்கு. அதான் அவுக தூங்காம கெடக்குறாக."

ஹிலாலும் அன்று காலையிலேயே பேசிவிட்டார். கோபமாகப் பேசவில்லை. எட்டுக் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள் என்றார். "உன்னை வச்சிருக்கிறது நான் இல்ல, ராமா. ஊர். ஊர் வேண்டாம்னு சொல்லிட்டா கலாஸ், முடிஞ்சுது, டிக்கெட்தான். நான் ஒண்ணும் செய்ய முடியாது." முதலில் அவர் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டு எட்டுப் பேரிடமும் மன்னிப்பு வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாராம். உம்மு ஸயீத் ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் மன்னிப்பு, போனில் சொல்லி வாங்குவதற்கு அது என்ன தக்காளியா என்று கேட்டுவிட்டாராம்.

வடிவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போனில் மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே ராமையா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வடிவு குறுக்கே பேசாமல் முழுதையும் கேட்டாள்.

"போன எடத்துல பொழப்பப் பாக்காம நாட்டாமை பண்ணப் போயிட்டீகளாக்கும்," என்றாள். "நம்ம கண்மாயில அப்பிடித்தான் பாய்ச்சுவீக, நானும் பாத்திருக்கேன். அதுக்காக அங்கயுமா?"

"மரம் காயிதுடி."

"காயும்தான். என்ன செய்ய. நாளைக்கு அவுக கேக்கைல எதுத்துப் பேசாதீக. கெட்டியா உண்மையச் சொல்லுங்க. வந்துட்டாலும் வாங்க, கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்."

வந்துட்டாலும் வாங்க என்று அவள் சொன்ன பிறகுதான், போக வேண்டி வரலாம் என்பது ராமையாவுக்கு உறைத்தது. அவருக்குப் போக மனமில்லை. தோஹாவிலிருந்து கிளம்பும்போது ஒரு சொட்டு வருத்தமில்லாமல் கிளம்பினவர். இந்த வாய்க்காலையும், கம்பத்தையும், காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் எலுமிச்சம்பூ வாசனையையும் விட்டுப் போவதை நினைத்தால் நெஞ்சு கனத்தது.

வெள்ளிக்கிழமை ஹுமைதாவில் கார் நிறுத்த இடமில்லை. எட்டுக் குடும்பமும் வந்திருந்தது. பிள்ளைகள் இறங்கியதும் இறங்காததுமாக இங்கிலீஷில் கத்திக்கொண்டு வாய்க்காலில் குதித்தார்கள். தண்ணீர் இவ்வளவுதானா என்று கேட்டார்கள். பெரியவர்கள் சிலர் தங்கள் தோப்புக்குள் போய்த் தங்கள் மரத்தையே அடையாளம் தெரியாமல் நின்றார்கள். அந்த எட்டுப் பேரும் ஒன்றாக அந்த ஊரில் நின்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

மஜ்லிஸில், அதாவது ஊர்ப் பொதுக்கூடத்தில், எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். காப்பியும் பேரீச்சையும் வந்தன. உம்மு ஸயீத் வாசல் நிலையருகே நின்றார். ராமையா ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார, பேச்சை அரபியில் மாற்றிச் சொல்வதற்காக ரிபாய் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் உம்மு ஸயீத்தான் கேட்டார். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, உன் தண்ணீர் எனக்குத் தெரியாமல் என் மரத்தில் ஏறியிருக்கிறது, மன்னித்துவிடு என்றார். ராமையாவும் எழுந்து, ரிபாய் சொல்லிக்கொடுத்த வார்த்தையை ஒவ்வொருவர் முன்னாலும் போய்ச் சொன்னார். ஏழு பேர் மன்னித்தேன் என்றார்கள். அதில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு அங்கே எத்தனை கல் தண்ணீர் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

எட்டாவது ஆள் நாஸர். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலை. வாய்க்கால் தலைப்பில் நாற்பது மரம். மேலே ஒரு போர் போட்டால் என்ன என்று போன வருடம் கேட்டு ஊரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவர்தான். அவர் உடனே மன்னிக்கவில்லை.

"ஏன் செஞ்சேன்னு அவன் சொல்லட்டும்," என்றார்.

ராமையா வடிவு சொன்னதை நினைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல கண்மாய்த் தண்ணி கொறஞ்சுட்டா, கடைமடைக்குத்தான் மொதல்ல பாய்ச்சுவோம். தலைமடைக்காரனுக்கு எப்பிடியும் கசிவு கெடச்சிரும். கடைசியில இருக்குறவனுக்கு நாம விட்டாத்தான் உண்டு. அந்தப் பழக்கத்துல செஞ்சுட்டேன்."

ரிபாய் அதை அரபியில் சொன்னார். மஜ்லிஸில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாஸர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்ல பழக்கம். அதை யார் முடிவு பண்றது? நீயா?"

ராமையாவுக்கு அப்போதுதான் ஊர் வழக்கம் முழுதாக ஞாபகம் வந்தது. எப்படி மறந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தண்ணீர் குறைந்த வருடம் அய்யனார் கோயில் வாசலில் ஊர் கூடும். தலைமடைக்காரனும் வந்து உட்காருவான். பேசி, சண்டை போட்டு, கடைசியில் எல்லோரும் தலையாட்டின பிறகுதான் நீர்பாய்ச்சி மண்வெட்டியைத் தொடுவான். தன் ஊர்ப் பழக்கத்தில் பாதியை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு, மீதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். வெட்கத்தில் காது சுட்டது.

"இல்ல," என்றார். "ஊரு கூடித்தான் முடிவு பண்ணும். இங்க நான் யாரையும் கேக்கல. அதுதான் தப்பு."

ரிபாய் மாற்றிச் சொல்லி முடிக்கும் வரை நாஸர் ராமையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார்.

"இப்ப ஊர் கூடித்தானே இருக்கு," என்றார்.

"இவன் திருடலைன்னா நீங்க ஒருத்தரும் வந்திருக்க மாட்டீங்க," என்றார் வாசலிலிருந்து உம்மு ஸயீத். இரண்டு பேர் தாடிக்குள் சிரித்தார்கள். நாஸரும் மன்னித்தேன் என்று சொன்னார்.

அதற்கப்புறம் பேச்சு வேறு பக்கம் போனது. ஹிலால் மூன்று வருடமாக மனதில் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். மேலே சுரங்கத்தின் வாய்ப்பக்கம் மண் சேர்ந்துகிடக்கிறது; யாரோ ஒருமுறை அவசரத்தில் சிமெண்ட் பூசின இடம் கல்லை விட்டு உரிந்து தண்ணீர் கசிகிறது; கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. வந்திருந்தவர்கள் எழுந்து நேரிலேயே பார்க்கப் போனார்கள். வெள்ளை அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு நாஸர் சுரங்க வாய்க்குள் குனிந்து நுழைந்தார். வெளியே வரும்போது அங்கி வெள்ளையாக இல்லை. மழை வரும் வரைக்கும் புதன்கிழமைகளில் எட்டுப் பேரும் நாலு விரல் தண்ணீரைக் கடைசித் தோப்புகளுக்கு விட்டுக்கொடுப்பதென்று அன்றைக்கே ஊர் முடிவு செய்தது. ஹிலால் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ராமையா செய்த அதே காரியம்தான். ஆனால் இப்போது அது எடுத்ததல்ல, கொடுத்தது. உம்மு ஸயீத் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

ராமையாவை அனுப்பும் பேச்சு எழவில்லை. ஆனால் பள்ளிவாசல் தண்ணீரின் கணக்கு அப்படியே நின்றது. இமாம் மெதுவாகச் சொன்னார்: அதை மன்னிக்க எனக்கு உரிமை கிடையாது, தண்ணீராகத்தான் திரும்ப வர வேண்டும். வாரம் நாலு விரல், பத்து வாரம், நாற்பது விரல். ராமையாவிடம் இருந்தது சனிக்கிழமை எட்டு விரல்தான். அப்படியென்றால் ஐந்து சனிக்கிழமை. மே, ஜூன் வெயிலில் ஐந்து வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் கத்திரிச் செடிக்கு என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"தர்றேன்," என்றார் ராமையா.

"விரல்னா யாரோட விரல்?" என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். நாஸரின் விரல் ஒன்று மற்றவர்களின் ஒன்றரை விரல்.

"எந்தக் கையால எடுத்தானோ அந்தக் கையாலயே அளந்து கொடுக்கட்டும்," என்றார் உம்மு ஸயீத்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அந்தக் குடும்பங்கள் திரும்பி வந்தன. மண்ணை அள்ளி வெளியே கொட்டினார்கள். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுட்ட களிமண்ணை இடித்துக் குழைக்கும் பழைய சாந்தைப் பூசினார்கள். அந்தச் சாந்தின் பக்குவம் உம்மு ஸயீதுக்குத்தான் தெரிந்திருந்தது. எண்ணெய்க் கம்பெனி அதிகாரியை அந்த அம்மாள் கையை உதறி உதறி வேலை வாங்கியதைப் பார்க்க வேண்டும். எட்டு வருடம் சிமெண்டில் கிடந்த ராமையாவுக்கு இந்தச் சாந்து கையை அரிக்கவில்லை என்பதே பெரிய ஆச்சரியம். ரிபாய் வண்டி நிறையப் பரோட்டாவும் சால்னாவும் கொண்டுவந்து இறக்கினார். இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாய்க்கால் சுவரில் முன்னோர் செதுக்கி வைத்திருந்த ஒரு கோட்டைத் தண்ணீர் வந்து தொட்டது. இரண்டு வருடமாக அது காய்ந்து கிடந்த கோடு. யாரோ ஒரு பிள்ளை அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டது.

சனிக்கிழமைகளில் ராமையா தன் தண்ணீரைப் பள்ளிவாசல் மரங்களுக்குத் திருப்பினார். கல்லருகே மண்டியிட்டு, நாலு விரலை இரண்டு தரம் வைத்து, ஒரு நூல் குறையாமல் அளந்தார். கொஞ்சம் கூடவே போகட்டும் என்று விரல்களை அகட்டிக்கூட வைத்தார். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் என்று வாளியில் சுமந்து ஊற்றியும் செடிகள் தாங்கவில்லை. முருங்கை மட்டும் நின்றது. வெண்டை போனது. மூன்றாவது சனிக்கிழமைக்குப் பிறகு கத்திரியும் இலையைத் தொங்கப் போட்டது. அதில் அப்போதுதான் பூ வைத்திருந்தது. இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் என்ன என்று ரிபாய் கேட்டார். ராமையா வேண்டாம் என்றுவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் வாரத்துக்கு எட்டு விரல் குறைந்துகொண்டே வந்ததும் அவருக்குத் தெரிந்தது.

நாலாவது சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை. கடைசி முறை ஓடிக்கொண்டிருந்தது. உம்மு ஸயீத் தன் பாத்திகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வரப்பில் இறங்கிக் கீழே வந்து ராமையாவின் கத்திரிச் செடிகளைப் பார்த்தார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேலே போனார். சற்று நேரத்தில் கம்பத்தடியிலிருந்து குரல் வந்தது.

"ராமா, இங்க வா. ஹிலால், நீயும் வா."

இரண்டு பேரும் போனார்கள். நிழலின் நுனி உம்மு ஸயீதின் கடைசிக் கல்லை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

"இப்ப ஓடுற தண்ணி யாருது?"

"உங்களுது," என்றார் ராமையா.

"ஹிலால், கேட்டுக்க. நீ சாட்சி. கடைசி நாலு விரல் இவனோட கத்திரிக்காய்க்கு. செடி பிழைக்கிற வரைக்கும் வாரா வாரம்."

ராமையா வேண்டாம் என்று கையை ஆட்டினார். உங்கள் மரத்துக்கு வேண்டுமே என்று அரைகுறை அரபியில் சொன்னார். உம்மு ஸயீத் முகத்தைச் சுளித்தார்.

"நீ எனக்குக் குடுத்தப்ப அது உன்னோடது இல்ல. இது என்னோடது. அதனால குடுக்கிறேன். புரியுதா?"

ராமையாவுக்குப் புரிந்தது. மண்டியிட்டு உட்கார்ந்தார். உம்மு ஸயீதும் குனிந்து, கல்லின் ஓரத்தில் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்தார். வைத்துவிட்டு ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"என் விரல் மெலிசு," என்றார். "உன் கையால அள."

சிமெண்டில் வெடித்துத் தடித்துப்போன தன் நாலு விரலை ராமையா கல்லோடு சேர்த்து வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. நிழலைப் பார்ப்பதுபோல் இன்னும் குனிந்துகொண்டார். நிழல் மெல்ல நகர்ந்து வந்து அவருடைய ஆள்காட்டி விரலைத் தொட்டது. தொட்ட பிறகுதான் எழுந்து ஓடிப்போய் உம்மு ஸயீதின் தோப்பு வாயில் அடைப்புக் கல்லைப் போட்டார். தண்ணீர் ஒரு நிமிடம் தயங்கி நின்றுவிட்டு, கீழே கத்திரிப் பாத்திக்கு இறங்கிப் போயிற்று.